அடுப்புக்கு மேலே ஒரு படகு

தெருவில் எல்லோரும் அவளை ஃபிரேம்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்பார்கள். கோபித்துக்கொண்டு பயனில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். இத்தனைக்கும் தன் ஆயுளில் அவள் ஒரு படத்துக்குக்கூட ஃபிரேம் போட்டதில்லை. போடுகிறவர் அவள் கணவர். அவர் போட்டு முடித்து, கொடுத்த ஆள் வந்து வாங்கிப் போகாத படங்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் மட்டும் அவளுடைய சமையலறை. அந்த வகையில் பட்டம் பொருத்தமானதுதான்.

கணவரை அந்த வட்டாரத்தில் ஃபிரேம்காரர் என்பார்கள். நல்ல மனிதர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கை ஓங்கியதில்லை. இப்படி இல்லாததையெல்லாம் அடுக்கித்தான் அவரைப் புகழ வேண்டியிருக்கிறது. இருக்கிற ஒன்று தொழில் சுத்தம். நாலு மூலையும் நூல் பிசகாமல் சேர வேண்டும், சேராவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அவருடைய பார்வை ஃபிரேமோடு நின்றுவிடும். உள்ளே என்ன படம் இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. ஒரு தடவை துக்கம் கேட்கப் போன வீட்டில், இறந்தவர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் அசையாமல் நின்றார். அந்த வீட்டுப் பிள்ளைகள் உருகிப்போனார்கள். வெளியே வந்ததும் அக்காவிடம், கீழ்க்கட்டை வளைந்திருக்கிறது, எவனோ கற்றுக்குட்டி போட்டது என்றார். தங்கள் கல்யாணப் படத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அவள் கேட்டதெல்லாம், அந்தக் காலத்துத் தேக்கே தேக்கு என்பதுதான்.

வாங்காத படங்களை வீட்டுக்குச் சுமந்து வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. கடை ஆரம்பித்த புதிதில், நெடுநாளாக மூலையில் கிடந்த ஒரு படத்தைப் பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டார். மறுநாளே அதன் சொந்தக்காரர் வந்து நின்றார். அவர் போட்ட கூச்சலில் கடைத்தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து, எத்தனை வருஷமானாலும் வாடிக்கையாளர் படத்தைத் தூக்கிப் போடுவதில்லை என்பது அவர் கொள்கை. கொள்கை அவருடையது, சுவர் அவளுடையது. கடையோ தீப்பெட்டி அளவு. வீட்டுக் கூடத்தில் டிவியும் அலமாரியும் இடத்தைப் பிடித்துக்கொண்டன, படுக்கையறைச் சுவரில் ஈரம். மிச்சம் இருந்தது சமையலறை.

அப்படித்தான் அந்தச் சமையலறை கலைக்கூடம் ஆயிற்று. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே யாரோ ஒருவருடைய பட்டச் சான்றிதழ். படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அதைக் கடையிலிருந்து வாங்க நேரமில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் கைப்பந்துக் கோப்பை வென்ற ஓர் அணி, கதவுக்குப் பின்னால் ஒரு புதுமணத் தம்பதி. ஃபிரேம் தயாராவதற்குள் அந்தக் கல்யாணம் உடைந்துவிட்டது என்பது அக்காவின் கணிப்பு. குளிர்பெட்டிக்கு மேலே மீசை வைத்த பெரியவர் ஒருவர், அவள் எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும் போதெல்லாம் அளவு பார்ப்பதுபோல முறைத்தபடி இருப்பார். மாமியார் போன பிறகு அந்த இடம் காலியாகிவிடக் கூடாதே என்று இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

நாத்தனார் வரும்போதெல்லாம் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு உண்டு. முன்பின் தெரியாதவர்கள் முறைத்துக்கொண்டிருக்க எப்படித்தான் சாப்பாடு இறங்குகிறதோ என்பாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை போட்டுக்கொள்வாள். அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில் அக்கா ஒருநாளும் குறை கண்டதில்லை.

அடுப்புக்கு நேர் மேலே இருந்ததுதான் மேனேஜர் படம். அப்போது அந்த ஊர் வங்கியில் ஒரு மேனேஜர் இருந்தார். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, மனசுக்குப் பிடித்ததாக எதையாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லப்போக, அவர் தூரிகையை எடுத்துவிட்டார். அவருடைய கொதிப்பு ஹார்ட்போர்டுக்கு இறங்கியது. இரண்டு மலை, நடுவில் உதிக்கிற சூரியன், கீழே ஏரி, ஏரியில் ஆளில்லாத ஒரு படகு. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவை போட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனதும் விட்டுவிடுகிற அதே படம். வலது கீழ் ஓரத்தில் கையெழுத்து மட்டும் பிரமாதம். காசோலையில் போடுகிற அதே கையெழுத்து, கீழே இரண்டு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. ஏரியைவிட அதற்குத்தான் அதிகம் உழைத்திருந்தார்.

ஓவியத்துக்குக் கண்ணாடி போடக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, கண்ணாடி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஃபிரேம் தயாராவதற்குள் மாற்றல் உத்தரவு வந்து, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். படம் கடையில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு வழக்கம்போல அக்காவிடம் வந்தது.

முதலில் உதிர்ந்தது சூரியன். மேனேஜர் பூசியது எண்ணெய் வண்ணமும் இல்லை, தண்ணீர் வண்ணமும் இல்லை, ஏதோ ரெண்டுங்கெட்டான். அடுப்பு ஆவியில் அது செதில் செதிலாகக் கிளம்பி, ஒருநாள் பாதிச் சூரியன் சட்டியில் விழுந்தது. அக்கா சட்டியை இறக்கிவைத்தாள். வாடிக்கையாளர் பொருள் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் ஃபிரேம்காரர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். அவர் கடையிலிருந்து கொண்டுவந்து கழுவப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாக்களில் தங்க நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தேய்ந்துபோன பிரஷ் ஒன்றை எடுத்து வட்டமாக ஒரு சூரியனைப் போட்டாள். மெடல் மாதிரி இருந்தது. பரவாயில்லை, படத்தை அவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று விட்டாள். அவரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு துணிச்சல் வந்துவிட்டது. ஒரு மலை உதிர்ந்தபோது அதைத் திரும்பப் போடாமல் வானமாக்கிவிட்டாள். ஒரு ஏரிக்கு ஒரு மலை போதும். இருட்டோடு எழுந்து வேலை பார்க்கிறவளுக்கு, நாள் முழுக்கக் கண்ணெதிரே விடிந்துகொண்டே இருக்கிற சூரியன் எரிச்சலாக இருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் குழைத்து மேகம் போட்டு மூடினாள். மேகம் வந்தால் மழை வரவேண்டாமா? குச்சியின் நுனியால் வெள்ளையைத் தொட்டுக் கோடு கோடாக இழுத்தாள். ஏரி நிரம்பியது.

ஒரு விடுமுறை நாளில், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், ஃபிரேம்காரர் தன் தங்கையையும் அவள் குடும்பத்தையும் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். உப்பு ஒரு சிட்டிகை கம்மி என்று அவர் தீர்ப்புச் சொன்னார். நாத்தனார் ஆமோதித்தாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களை வழியனுப்ப அவர் பஸ் நிறுத்தம் வரை போயிருந்தபோது, வழித்த பாத்திரங்களுக்கு நடுவில் அக்கா பிரஷ்ஷை எடுத்தாள். ஆளில்லாத படகில் ஒரு பெண்ணை உட்கார வைத்தாள். முகம் போட வராது, அதனால் நமக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தாள். இறக்கிப் போட்ட கொண்டை, இடது தோளில் கைத்துண்டு, கையில் துடுப்பு. அழவில்லை, யாரையும் திட்டவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது மனசு லேசாக இருந்தது. அன்றிலிருந்து அந்தப் படம் அவளுக்கு வேண்டிய படமாகிவிட்டது.

கையெழுத்தில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. வங்கி மேனேஜர் கையெழுத்தைத் தொட்டுத் திருத்தினால் போலீஸ் வரும் என்று அவளுக்கு உறுதியான நம்பிக்கை. அதைச் சுற்றி மழை பெய்தது, அலை அடித்தது, அதன் மேல் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டாள்.

வருஷங்கள் ஓடின. ஃபிரேம்காரர் அவ்வப்போது அந்தப் படத்தைக் கழற்றி, ஃபிரேமுக்குப் பாலிஷ் போட்டு, நேராக இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து மாட்டுவார். மலை ஒன்று குறைந்ததோ, படகில் ஆள் ஏறியதோ அவர் கண்ணில் படவில்லை. ஊரில் யார் வீட்டுப் பாலில் தண்ணீர் அதிகம் என்று தெரிந்துவைத்திருக்கிற நாத்தனாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் அவர் கடையிலிருந்து போன் செய்தார். குரலில் பெருமை. ஓய்வு பெற்ற மேனேஜர் மகளோடு கடைக்கு வந்திருக்கிறார், என்னிடம் வந்த பொருள் எங்கேயும் போகாது என்று சொல்லியிருக்கிறேன், அந்த மலைப் படத்தைத் துடைத்து வை, இதோ கூட்டி வருகிறேன் என்றார்.

மறுபடி ஒரு சூரியனைப் போட்டுவிடலாமா என்று அக்கா தங்க டப்பாவைத் திறந்தாள். கல்லாக இறுகிக் கிடந்தது. ஒளித்து வைக்கலாம் என்றால் ஒளிக்க இடமில்லாமல்தானே படங்களே சமையலறைக்கு வந்தன. திட்டு விழும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக வேறொன்று இருந்தது. அந்தப் படத்தைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. இந்த வீட்டில் அவள் செய்ததெல்லாம் அன்றன்றைக்கே தின்று தீர்ந்துபோனது. தீராமல் நின்றது இது ஒன்றுதான்.

அவர்கள் வந்துவிட்டார்கள். மேனேஜருக்குத் தலை நரைத்திருந்தது, அதிகாரம் நரைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று, வங்கிக் கிளையைச் சோதனை போட வந்தவர்போலச் சுற்றிலும் பார்த்தார். மனைவி முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாராம். மகள் புது வீடு கட்டியிருக்கிறாளாம். இப்போதெல்லாம் சமையலறையில் ஓவியம் மாட்டுவதுதான் நாகரிகமாம். வீட்டு அலங்காரத்துக்கென்று வைத்த நிபுணர், சமையலறைச் சுவர் பேச வேண்டும், அதிலும் குடும்பத்தார் கைப்பட வரைந்தது என்றால் விசேஷம் என்றாராம். சுவர் பேசுவது இருக்கட்டும், மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆள் பேசினால் போதாதா என்று அக்கா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அந்த மகளைப் பார்த்தால் நல்லவளாகத்தான் தெரிந்தது. கைப்பந்து அணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதோ சார், உங்க படம்," என்று ஃபிரேம்காரர் அடுப்புக்கு மேலே காட்டினார். "ஒன்றரை இன்ச் கட்டை. இத்தனை வருஷத்துல மூலை விட்டிருக்கா பாருங்க."

மேனேஜர் பார்த்தார். ஒரு மலை, மேகம், மழை, போய்க்கொண்டிருக்கிற ஒரு பெண். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. அவர் பார்வை வலது ஓரத்துக்குப் போனது. இரண்டு கோடு, இரண்டு புள்ளி. குழப்பம் விலகியது. ஆயுள் முழுக்கக் கையெழுத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் நம்பிப் பழகியவர், சொந்தக் கையெழுத்தையா நம்பமாட்டார்?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே காக்கை குயில் குஞ்சைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பித்தது. இதை வரைந்த அன்றைக்கு நல்ல மழை என்றார். சூரியன் போடுவது சுலபம், எல்லோரும் போடுவார்கள், மழையைக் கொண்டுவருவதுதான் கஷ்டம் என்றார். அந்த மழைக்கோடுகளைக் காட்டி, இதற்கென்றே ஒரு தனித் தூரிகை வரவழைத்தேன் என்றார். அடுப்படியில் கிடந்த குச்சியை அக்கா காலால் ஓரமாகத் தள்ளினாள். இதுவரைக்கும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"படகுல யாருப்பா?" என்று மகள் கேட்டாள்.

"யாரா? உங்க அம்மாதான்."

மகள் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "அம்மா தண்ணியைக் கண்டாலே பயப்படுவாங்களே. படகுல ஏறவே மாட்டாங்களே."

"அதனாலதான் வரைஞ்சேன்," என்றார் மேனேஜர்.

அக்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மழையை எடுத்துக்கொள்ளட்டும், மலையை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பசியோடு நின்ற ஒரு நாளில் அவள் தன்னைத்தானே ஏற்றி அனுப்பிய படகு அது. அதில் இன்னொருத்தியை, அதுவும் முழங்கால் வலியோடு பாவம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளை, கேட்காமல் கொள்ளாமல் ஏற்றிவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

"சார், கையெழுத்து உங்களோடதுதான்," என்றாள். "மத்ததெல்லாம் நான் போட்டது. உங்க படம் ஆவியில உதிர்ந்து போச்சு."

மேனேஜர் பெரிதாகச் சிரித்தார். நகைச்சுவை உணர்வுள்ள அம்மா என்று ஃபிரேம்காரரிடம் பாராட்டினார். ஃபிரேம்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சும்மா இரு. சார் தப்பா நினைச்சுக்கப் போறாரு," என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினார். மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, படத்தைக் குப்புறப் போட்டு, மூலை அடிபடாமல் இருக்க அட்டை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். மேனேஜரின் மகள் மட்டும் சுற்றுவதைப் பார்க்கவில்லை. அவள் அக்காவின் கொண்டையைப் பார்த்தாள், தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

அக்கா கணவரின் கையைப் பார்த்தபடி நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, சாருக்கு அடையாளம் தெரியலேன்னா போகட்டும். நீங்க தினமும் அந்த மேசைல உட்கார்ந்து சாப்பிடறீங்க. நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அடுப்புக்கு முன்னால நிக்கறேன். கல்யாணமான நாள்லருந்து நீங்க அதிகமா பார்த்தது என் முதுகைத்தான். அதுகூடவா தெரியலை?"

ஃபிரேம்காரரின் கை நின்றது. சுற்றிய தாளைப் பிரித்தார். படத்தை நிமிர்த்தி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். முதலில் பழக்கதோஷத்தில் மூலைகளைத்தான் பார்த்தார். பிறகு அவர் கண் மெதுவாக உள்ளே இறங்கியது. வெகுநேரம் பார்த்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள், அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

தன் தொழிலில் அதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் இல்லை என்று சொல்லாதவர், மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த ஃபிரேம் என்னோடது. நடுவுல இருக்கறது இவளோடது. கையெழுத்து உங்களோடதுதான், அதை நான் மறுக்கல. வேணும்னா அந்த ஓரத்தை மட்டும் நேரா அறுத்துக் கொடுத்துடறேன்."

மேனேஜர் சிவந்துவிட்டார். டாக்டர் இத்தனை வருஷம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த கொதிப்பு மறுபடி ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது. வங்கி, வழக்கு, மரியாதை என்று மூன்று நாலு வார்த்தைகள் வந்தன. மகள் அவர் தோளைத் தொட்டு, கையெழுத்தே போதும் அப்பா, அதுதான் நன்றாக இருக்கிறது என்றாள். அவளுக்கு அப்பாவைத் தெரியும். அவருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை.

அதன்படியே நடந்தது. ஃபிரேம்காரர் மெல்லிய ரம்பத்தால் அந்த மூலையை அளந்து அறுத்து, சின்னதாக ஒரு ஃபிரேம் போட்டு, இந்தத் தடவை கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார். இப்போது அது அந்தப் புது வீட்டுச் சமையலறையில் தொங்குகிறதாம். வருகிறவர்களிடம், குறைவாகச் சொல்வதுதான் உயர்ந்த கலை என்று மேனேஜர் விளக்குகிறாராம். வீட்டு அலங்கார நிபுணர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

மூலை போன படத்தின் வலது பக்கத்தை நேராக அறுத்துச் சதுரமாக்கி, ஃபிரேமையும் வெட்டிச் சிறிதாக்கி, ஃபிரேம்காரர் அதே இடத்தில் மாட்டினார். அன்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் அக்கா நினைத்தாள்.

"படகுல ஏறி எங்கதான் போறே நீ?" என்று கேட்டார்.

"வரைஞ்ச அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் எழுந்து, இன்னொரு தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அவள் எந்தப் பக்கம் உட்கார்வாள் என்று தெரியாமல், நாற்காலியை எங்கே போடுவது என்று பிடித்துக்கொண்டே நின்றார்.